ரெடிமேட் துணியை அளவெடுத்துத் தைத்ததுபோல் ஆக்குவது எப்படி?

எதிரே நடந்து வருபவர் போட்டிருக்கும் சட்டை எவ்வளவு விலை என்று யாருக்கும் தெரியாது. கண்ணில் படுவது தோள் தையல் எங்கே விழுகிறது, கை எங்கே முடிகிறது, காலர் நிற்கிறதா தொய்கிறதா, மடிப்பு நேராக இருக்கிறதா என்பதுதான். இவை சரியாக இருந்தால் ரங்கநாதன் தெருவில் எடுத்த சட்டையும் பெரிய கடைச் சட்டைபோலத்தான் தெரியும். இவை கெட்டால் நாலாயிரம் ரூபாய்ச் சட்டையும் இரவல் வாங்கியதுபோல் இருக்கும்.

ரெடிமேட் உடை பெரும்பாலானோர் உடம்பில் தொளதொளவென்று நிற்பதற்குக் காரணம் உண்டு. 40 சைஸ் என்று ஒரு சட்டையை வெட்டும்போது, அந்த மார்பளவு உள்ள ஒல்லியானவருக்கும் தொப்பை உள்ளவருக்கும் அது ஏற வேண்டும். ஆகவே இடுப்பையும் கையையும் அகலமாகவே வெட்டுவார்கள். அந்த மிச்சத் துணியை உங்கள் உடம்புக்கு ஏற்ப எடுப்பதுதான் இந்த வேலையில் முக்கால் பங்கு. அதனால் கையில் ஆயிரம் ரூபாய் இருந்தால் எழுநூறு, எழுநூற்றைம்பதுக்கு மேல் துணிக்குச் செலவழிக்க வேண்டாம். மீதி டெய்லருக்கும் பட்டனுக்கும்.

கடையில் பார்க்க வேண்டியவை

முதலில் தோள். சட்டையோ குர்தியோ, தோள் தையல் உங்கள் தோள் எலும்பு முடியும் இடத்தில் நிற்க வேண்டும். அரை அங்குலம் இறங்கியிருந்தால் பரவாயில்லை, அதற்கு மேல் இறங்கினால் அந்த உடையை வைத்துவிடுங்கள். தோளைச் சரிசெய்ய கையைப் பிரித்து, கை வளைவை மறுபடி வெட்டி, மீண்டும் ஏற்ற வேண்டும். கூலியும் அதிகம், பாதி டெய்லர்கள் கெடுத்தும் விடுவார்கள். இடுப்பு, கை அகலம், உயரம் இவையெல்லாம் சின்ன வேலை. ஆகவே தோளுக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுங்கள், மற்றது லூசாக இருக்கட்டும். லூசைப் பிடிக்கலாம், டைட்டை விட முடியாது. ரெடிமேடில் உள்ளே விட்டிருக்கும் துணி பெரும்பாலும் கால் அங்குலம்தான்.

பேண்டில் தோளின் இடத்தில் இருப்பது இடுப்புக்குக் கீழே பிட்டமும் தொடையும். பக்கவாட்டுப் பாக்கெட் வாய் திறந்து காது மாதிரி நின்றால் அங்கே டைட் என்று பொருள். அதைச் சரிசெய்ய வழியில்லை.

அடுத்து தையல். கடையில் ஓர் இன்ச் டேப்பை வைத்து, பக்கவாட்டுத் தையலில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் விழுந்திருக்கிறது என்று எண்ணுங்கள். எட்டு, ஒன்பது இருந்தால் அவசரத்தில் தைத்தது. இழுத்தால் நூல் இடைவெளி தெரியும். பன்னிரண்டுக்கு மேல் இருந்தால் நல்லது. உயர்ரகச் சட்டைகளில் பதினெட்டையும் தாண்டும்.

கட்டம் போட்ட சட்டை, கோடு போட்ட சட்டை வாங்கும்போது பாக்கெட்டைப் பாருங்கள். பாக்கெட்டின் கட்டம் கீழிருக்கும் சட்டையின் கட்டத்தோடு சேர வேண்டும். பட்டன் பட்டி இரண்டு பக்கமும் சேர வேண்டும். கட்டத்தைச் சேர்த்து வெட்டினால் துணி வீணாகும் என்பதால் மலிவான சட்டையில் முதலில் கைவிடப்படுவது இதுதான். சேராத கட்டத்தை எந்த டெய்லராலும் சேர்க்க முடியாது. சந்தேகமாக இருந்தால் ஒரே நிறச் சட்டையாக எடுங்கள், இந்தப் பிரச்சினையே வராது.

காலரை இரண்டு விரலால் பிடித்து, மேல் துணியை, உள்ளே விறைப்புக்காக ஒட்டியிருக்கும் கேன்வாஸிலிருந்து பிரிப்பதுபோல் நிமிண்டுங்கள். ஒட்டாமல் நழுவினால் நாலு சலவையில் காலரில் குமிழ் குமிழாக எழும். துணி ஒரு அளவும் கேன்வாஸ் ஒரு அளவும் சுருங்குவதால் பசை விடுகிறது. குமிழ் விழுந்த காலரை இஸ்திரி போட்டுத் தற்காலிகமாக அமுக்கலாம், அவ்வளவுதான்.

துணியின் தரத்துக்கு ஒரு சுலபமான சோதனை: சட்டையின் அடி ஓரத்தைக் கைக்குள் பத்து விநாடி கசக்கிப் பிடித்து விடுங்கள். நல்ல பருத்தி கசங்கும், ஆனால் மெல்ல விரியும். காகிதம் மாதிரிக் கோடுகோடாகவே நின்றால், கஞ்சியேற்றிக் கனமாகக் காட்டியிருக்கிறார்கள். ஒரு சலவையில் தொளதொளத்துவிடும். சற்றும் கசங்காமல் வழுக்கினால் பாலியெஸ்டர் அதிகம், வெளிச்சத்தில் மினுங்கும். அந்த மினுக்கம்தான் மலிவு என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுகிறது. அடர் நிறத் துணியில் ஈரக் கைக்குட்டையை நன்றாகத் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் வேண்டாம். மலிவு விலைக் கறுப்புப் பருத்தி சீக்கிரம் பழுப்பேறும். கருநீலம், ஆலிவ் பச்சை, சாம்பல், மங்கலான வெள்ளை ஆகியவை நீண்ட நாள் புதிதுபோல் இருக்கும்.

டி-ஷர்ட்டைப் பொறுத்தவரை திருப்பூர்க்காரர்கள் பேசும் கணக்கு ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை கிராமில். 140 ஜிஎஸ்எம் பனியன் மாதிரி உடம்போடு ஒட்டி எல்லாவற்றையும் காட்டும். 180 ஜிஎஸ்எம் துணி விழும் விதமே வேறு. கடைக்காரரிடம் பயோ வாஷ் செய்ததா என்று கேளுங்கள். நொதியால் துணியின் மேலிருக்கும் பிசிறை அகற்றும் முறை அது. செய்திருந்தால் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும், சீக்கிரம் முடிச்சு முடிச்சாகத் திரளாது. கழுத்தின் உள்பக்கம் தோளிலிருந்து தோள் வரை ஒரு பட்டி வைத்துத் தைத்திருக்கிறதா பாருங்கள். பட்டி இல்லாத டி-ஷர்ட்டின் கழுத்து தோளை நோக்கி அகன்றுகொண்டே போகும். கடைசியாக, டி-ஷர்ட்டைத் தோளைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். பக்கத் தையல் நேராக விழாமல் முன்புறம் திரும்பி வந்தால், நூல் முறுக்கின் இழுவை அடங்காத துணி அது. துவைக்கத் துவைக்க இன்னும் திரும்பும், இஸ்திரி கேட்காது.

திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதி மிச்சம் வாங்கப் போகிறவர்களுக்கு இரண்டு சொல். அங்கே உள்ள துணியின் தரம் கொடுக்கும் காசுக்கு மிக அதிகம். ஆனால் சைஸ் வெளிநாட்டு அளவு. லார்ஜ் என்று எழுதியிருப்பது நம் எக்ஸ்ட்ரா லார்ஜாக இருக்கலாம். எழுத்தை நம்பாமல், உங்களிடம் சரியாகப் பொருந்தும் ஒரு டி-ஷர்ட்டை அளந்து, மார்பகலமும் உயரமும் எழுதி எடுத்துப் போங்கள். இரண்டாவது, எதையும் வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். குறையுள்ள பீஸ்களில் மூன்று வகை உண்டு: எண்ணெய்க் கறை, ஊசி விட்ட நீளக் கோடு, உடம்பு ஒரு நிறமும் கை ஒரு நிறமுமாக இருக்கும் ஷேடு வித்தியாசம். கறை பெரும்பாலும் போகும். மற்ற இரண்டும் போகாது.

ஒன்றை மட்டும் எப்போதும் தவிருங்கள்: அலங்காரத்தால் விலையைக் காட்டப் பார்க்கும் உடை. பொய்ப் பாக்கெட், தங்க முலாம் பட்டன், ஒட்டிய கல், மார்பில் பெரிய எழுத்து. இவையெல்லாம் துணியிலும் வெட்டிலும் போகாத காசைக் கண்ணுக்கு முன்னால் வைக்கும் வழி. வெறுமையான உடைதான் நம் வேலைக்குக் கைகொடுக்கும்.

டெய்லரிடம் போகும் முன் துவையுங்கள்

பலர் தவறவிடும் படி இது. பருத்திச் சட்டை முதல் சலவையில் சாதாரணமாக நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு சுருங்கும். பின்னலாடையும் ரேயான் குர்தியும் ஐந்து பங்கு வரை போகலாம். 44 அங்குல ரேயான் குர்தி ஐந்து பங்கு சுருங்கினால் இரண்டு அங்குலத்துக்கும் மேல் காணாமல் போகும். வாங்கிய அன்றே உடம்போடு ஒட்டப் பிடித்துத் தைத்துவிட்டு, துவைத்தபின் மூச்சுவிட முடியாமல் தவிப்பது இதனால்தான். வீட்டில் எப்படித் துவைப்பீர்களோ அப்படியே ஒருமுறை துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு, பிறகு கொண்டு போங்கள்.

சாயம் நிற்க உப்புத் தண்ணீரில் ஊறவைக்கச் சொல்வார்கள். சாயப்பட்டறையில் நூல் சாயத்தை ஏற்க உப்பு உதவும் என்பது உண்மை. ஆனால் ஏற்கெனவே சாயமேற்றிய துணியில், ஒட்டாத சாயத்தை உப்பு ஒட்டவைக்காது. குளிர்ந்த நீரில் தனியாக இரண்டு மூன்று முறை அலசி மிச்சச் சாயத்தை வெளியேற்றுவதே சரியான வழி.

டெய்லரிடம் சொல்ல வேண்டியது

"கொஞ்சம் டைட் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு வரக்கூடாது. போட்டுக்காட்டி, குண்டூசி குத்தச் சொல்லி, எண்ணிக்கையில் பேசுங்கள். தையல் நீளம் சிறியதாக வைக்கச் சொல்லுங்கள். நூல் நிறம் துல்லியமாகக் கிடைக்காவிட்டால் ஒரு சாயல் அடர்த்தியானதை எடுக்கச் சொல்லுங்கள். வெளிறிய நூல் கோடு போட்டதுபோல் தெரியும், அடர்ந்தது துணிக்குள் அமிழ்ந்துவிடும். மிச்சத் துணியை ஒட்ட வெட்டாமல் அரை அங்குலம் விட்டு, ஓரம் பிரியாமலிருக்க ஓவர்லாக் அடிக்கச் சொல்லுங்கள். உடம்பு ஏறினால் அதுதான் காப்பாற்றும்.

*சட்டை.* பட்டனைப் போட்டுக்கொண்டு, இடுப்பருகே இரு பக்கமும் துணியைப் பிடித்துப் பாருங்கள். உடம்பளவுக்கு மேல் மொத்தம் 4 முதல் 5 அங்குலத் தளர்வு இருந்தால் உட்கார, கை தூக்க வசதி. அதற்கு மேலிருப்பதை எடுக்கலாம். ஆனால் பக்கத்துக்கு ஒன்றரை அங்குலத்துக்கு மேல் பக்கத் தையலில் எடுத்தால் பாக்கெட் அக்குளை நோக்கி நகர்ந்துவிடும். அதற்கு மேல் தேவையென்றால் முதுகில் இரண்டு டார்ட் (துணியை உள்ளே மடித்துத் தைக்கும் கூர்மடிப்பு) பிடிக்கச் சொல்லுங்கள். தோள்பட்டை எலும்புக்குக் கீழே தொடங்கி இடுப்பில் முக்கால் அங்குலம் ஆழமாகி, அடி ஓரத்துக்கு முன்பே கூர்ந்து முடிய வேண்டும்.

பக்கத் தையலைப் பிடிக்கும்போது அக்குளில் நிறுத்தக்கூடாது. தையல் அக்குளைத் தாண்டி, கையின் அடித்தையலோடு கலந்து ஓட வேண்டும். நிறுத்தினால் அங்கே துணி மூட்டையாகத் திரளும். அவசரத்தில் வேலை செய்யும் கடைகளில் இந்தத் தவறுதான் அதிகம்.

அரைக்கைச் சட்டைக்குத்தான் குறைந்த கூலியில் மிகப்பெரிய மாற்றம் கிடைக்கும். ரெடிமேட் அரைக்கை முழங்கை வரை மணி மாதிரி விரிந்து கிடக்கும். அதை முழங்கைக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே முடியும்படி ஏற்றி, கையைச் சுற்றி ஒன்று, ஒன்றரை அங்குலத் தளர்வு மட்டும் வைத்துப் பிடித்தால் சட்டையே வேறாகிவிடும். கை நுனி மடிப்பு ஓர் அங்குலம் இருக்கட்டும்.

முழுக்கை, கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எலும்பை மூடி, கட்டைவிரல் தொடங்கும் இடத்தில் நிற்க வேண்டும். நீளம் அரை அங்குலம்தான் கூடுதலென்றால் கையை வெட்டவே வேண்டாம். கஃபில், அதாவது கைநுனிப் பட்டியில், உள்ள பட்டனை அரை அங்குலம் உள்ளே தள்ளித் தைத்தால், கஃப் மணிக்கட்டிலேயே பிடித்து நிற்கும். அதற்கு மேலென்றால் கஃபைப் பிரித்து, கையை வெட்டி, மறுபடி வைக்க வேண்டும். ஒன்றரை அங்குலத்தைத் தாண்டினால் கஃபுக்கு மேலிருக்கும் பிளவு குட்டையாகிவிடும்.

வெளியே விட்டுப் போடும் சட்டையின் நீளம், பேண்ட் ஜிப்பின் பாதியில் முடிந்தால் போதும். வளைந்த அடி ஓரமாக இருந்தால் கால் அங்குல இரட்டை மடிப்பாகத் தைக்கச் சொல்லுங்கள். அகல மடிப்பு வளைவில் சுருங்கிச் சுருங்கி நிற்கும்.

*பேண்ட்.* இடுப்பை நடுமுதுகுத் தையலில் பிடிப்பார்கள். ஒன்றரை, இரண்டு அங்குலத்துக்கு மேல் பிடித்தால் பின்பாக்கெட்டுகள் இரண்டும் ஒன்றையொன்று தொடப் போகும். காலைக் குறுக்கும்போது உள்தையல், வெளித்தையல் இரண்டிலும் சம அளவு எடுக்க வேண்டும். உள்தையலில் மட்டும் எடுத்தால் இஸ்திரியில் விழும் கிரீஸ் கோடு காலின் நடுவில் நிற்காமல் முறுக்கிக்கொள்ளும். ஒல்லியானவருக்குப் பாட்டம் சுற்றளவு 14, 15 அங்குலம், மற்றவருக்கு 16 என்பது நல்ல தொடக்கம்.

நீளத்தை, எந்தச் செருப்போடு அல்லது ஷூவோடு போடப் போகிறீர்களோ அதைப் போட்டுக்கொண்டே அளக்க வேண்டும். ஷூ என்றால் முன்புறம் ஒரே ஒரு சிறு மடிப்பு விழ, பின்புறம் குதிக்காலுக்குச் சற்று மேலே. செருப்பு என்றால் பின்ஓரம் தரையிலிருந்து அரை அங்குலமாவது தூக்கி நிற்கட்டும், இல்லாவிட்டால் ஓரம் நைந்துபோகும். ஆபீஸ் பேண்டின் அடியை மெஷினில் அடிக்க விடாதீர்கள். வெளியே தையல் தெரியாத கைஹெம்மிங் கேளுங்கள்; உள்ளே ஒன்றரை அங்குலத் துணி மடிந்திருக்கட்டும். அந்தக் கனத்தில் பேண்ட் நேராக விழும்.

*ஜீன்ஸ்.* அடியை வெட்டி மறுபடி மடித்துத் தைத்தால், கம்பெனி ஓரத்தில் இருக்கும் வெளிறிய மேடு பள்ளம் போய், ஆல்ட்டர் செய்தது பளிச்சென்று தெரியும். பழைய ஓரத்தை அப்படியே வைத்துக்கொள்ளும் முறை இது:

1. குறைக்க வேண்டிய நீளத்தை முடிவு செய்யுங்கள். 2 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம்.
2. காலை வெளிப்பக்கமாக மடியுங்கள். பழைய ஓரத்தின் தையல் கோட்டிலிருந்து மடிப்பு வரை, குறைக்க வேண்டியதில் பாதி, அதாவது 1 அங்குலம் இருக்க வேண்டும். ஓரப் பட்டையை இந்த அளவில் சேர்க்கக்கூடாது.
3. குண்டூசி குத்தி, பழைய தையல் கோட்டை ஒட்டியே, அதன் மேல் ஏறாமல், சுற்றித் தையுங்கள். பக்கத் தையல் வரும் தடித்த இடத்தில் மெஷின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள், ஊசி ஒடியாது.
4. பழைய ஓரத்தைக் கீழே இறக்கி, மிச்சத்தை உள்ளே தள்ளி இஸ்திரி போடுங்கள். மிச்சம் அதிகமென்றால் வெட்டி ஓவர்லாக் அடியுங்கள்.

*குர்தி.* கை தனியாக உள்ளே வைத்துத் தரும் குர்திகளில் கை வைப்பதையும் பக்கம் பிடிப்பதையும் ஒரே நாளில் செய்துவிடுங்கள், கூலி மிச்சம். பக்கம் பிடித்தபின் ஸ்லிட் தொடங்கும் இடம் பழைய உயரத்திலேயே இருக்கிறதா பாருங்கள். ஸ்லிட் உச்சியில் நாலைந்து முறை முன்பின் ஓட்டி இறுக்கச் சொல்லுங்கள், அங்கேதான் முதலில் கிழியும். மெல்லிய ரேயான் குர்தி காற்றில் பறந்து, நடக்கையில் காலோடு சுற்றுவதற்குக் காரணம் அடியில் கனம் இல்லாதது. அரை அங்குல மடிப்பைப் பிரித்து, அதே நிறத் துணியில் இரண்டு அங்குலப் பட்டி உள்ளே வைத்துத் தைத்தால் விழும் விதம் மாறிவிடும். உடம்பு தெரியும் துணிக்கு முழு லைனிங் போடுவதைவிட, தோல் நிறத்தில் ஒரு தனி ஸ்லிப் சிக்கனம். எல்லா மெல்லிய குர்திக்கும் உள்ளே போடலாம்.

பட்டனும் பிசிறும்

மெல்லிய, பளபளக்கும் பிளாஸ்டிக் பட்டனை மாற்றுவது வீட்டிலேயே செய்யக்கூடிய அரைமணி நேர வேலை. தையல் சாமான் கடையில் பட்டன் அளவை 'லைன்' கணக்கில் சொல்வார்கள். 40 லைன் ஓர் அங்குலம். ஆண்கள் சட்டைக்குப் பெரும்பாலும் 18 லைன், அதாவது சுமார் 11.5 மில்லிமீட்டர், கஃபுக்கு மேலிருக்கும் சின்னப் பட்டனுக்கு அதைவிடச் சிறியது. பழைய பட்டன் ஒன்றைக் கையில் கொண்டுபோய் அதே அளவு கேளுங்கள். பெரிதானால் காஜாவில் நுழையாது, சிறிதானால் தானே கழன்றுகொள்ளும். முழுக்கைச் சட்டைக்கு முன்னால் 7, கஃபில் 2, கைப்பிளவில் 2, உபரி ஒன்று என 12 வாங்குங்கள். சற்றுத் தடித்த, மங்கலான பட்டனே போதும். காசிருந்தால் சிப்பிப் பட்டன். கன்னத்தில் வைத்தால் குளிரும், அதுதான் அடையாளம். பருத்திக் குர்தாவுக்குக் கொட்டாங்குச்சிப் பட்டன் அழகு.

தைக்கும்போது நூலை இரட்டையாக்கி, பட்டனின் மேல் ஒரு தீக்குச்சியை வைத்து, அதற்கு மேலாக ஒவ்வொரு ஜோடித் துளைக்கும் நான்கு முறை ஊசியை ஏற்றி இறக்குங்கள். குச்சியை உருவி, பட்டனைத் தூக்கி, அடியில் நூலை மூன்று நான்கு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். இந்தச் சிறு கழுத்து இல்லாமல் துணியோடு ஒட்டத் தைத்தால், பட்டன் போட்டதும் பட்டி சுருங்கி இழுக்கும்.

தொங்கும் நூலை இழுக்காதீர்கள், சிறு கத்தரியால் ஒட்ட நறுக்குங்கள். காஜாவுக்குள் துருத்தும் பிசிறையும் அப்படியே. வேண்டாத லேஸ், குஞ்சம், கல் எல்லாவற்றையும் பிரித்தெடுக்கலாம். பருத்தியில் ஊசித் துளை நீராவி பட்டால் மூடிக்கொள்ளும். சாட்டினிலும் ரெக்ஸினிலும் துளை அப்படியே நிற்கும், அங்கே பிரிக்கவே கூடாது. கல்யாணத்துக்கு பிளேசர் வாங்கினால், கைநுனியில் வெளியே தைத்திருக்கும் கம்பெனிப் பட்டையைப் பிரித்துவிடுங்கள். பின்பிளவைப் பிடித்திருக்கும் எக்ஸ் வடிவ நூலும் கடை வரைக்கும்தான், அறுத்துவிடுங்கள். முகூர்த்தத்தில் அந்த நூலோடு நிற்பவர்கள் ஏராளம்.

இஸ்திரி

பெட்டி மடிப்பு என்று சொல்லும் அந்தச் சதுரக் கோடுகள்தான் புதுத்துணியைக் காட்டிக்கொடுப்பவை. போடும் முன் அவற்றை எடுத்தே ஆக வேண்டும். இஸ்திரி வண்டியில் கொடுத்தால் ஹேங்கரையும் கையோடு கொடுங்கள். இல்லாவிட்டால் தேய்த்துவிட்டு மறுபடி சதுரமாக மடித்துத்தான் தருவார்.

வீட்டில் தேய்ப்பதென்றால் இஸ்திரிப் பெட்டியில் உள்ள புள்ளிகளைக் கவனியுங்கள்: ஒரு புள்ளி சுமார் 110 டிகிரி, இரண்டு 150, மூன்று 200. பருத்திக்கு மூன்று, பாலியெஸ்டர் கலப்புக்கு இரண்டு. பருத்தியை முழுதாகக் காயும் முன், லேசான ஈரத்தோடு தேய்க்க வேண்டும். காய்ந்துவிட்டால் தண்ணீர் தெளித்துச் சுருட்டிப் பத்து நிமிடம் வைத்துத் தேயுங்கள். வரிசை: காலர் உள்பக்கம் முதலில், நுனியிலிருந்து நடுவுக்கு, பிறகு தோள், கஃப், கை, முன்பக்கம், கடைசியாக முதுகு. காலரை நடுவிலிருந்து நுனிக்குத் தேய்த்தால் மிச்சத் துணி நுனியில் சேர்ந்து சுருக்கம் விழும். தேய்த்தவுடன் போடாமல் பத்து நிமிடம் தொங்கவிடுங்கள். சூடாக இருக்கும் துணி எப்படி மடங்குகிறதோ அப்படியே நின்றுவிடும்.

அடர்நிறப் பேண்டில் முட்டி, பாக்கெட் ஓரங்களில் பளபளப்பு ஏறுவது, சூட்டில் இழை தட்டையாகி ஒளியைத் திருப்புவதால். பாலியெஸ்டரில் ஒருமுறை ஏறினால் திரும்பாது. பழைய மல் வேட்டித் துணி ஒன்றை நனைத்துப் பிழிந்து மேலே விரித்துத்தான் தேய்க்க வேண்டும், அல்லது உள்பக்கம் திருப்பி.

பருத்திச் சேலைக்கும் சட்டைக்கும் கஞ்சி இன்னும் ஈடில்லாதது. இரண்டு மேசைக்கரண்டி ஜவ்வரிசியை ஒரு லிட்டர் தண்ணீரில் கண்ணாடியாகும் வரை கொதிக்கவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, மூன்று நான்கு லிட்டர் தண்ணீரில் கலந்து, துவைத்து அலசிய துணியை முக்கிப் பிழிந்து, நிழலில் உதறிக் காயவையுங்கள். வடிகட்டாவிட்டாலும் கெட்டியாகிவிட்டாலும் அடர்நிறத்தில் வெள்ளைத் திட்டு விழும்.

சேலைக்கு மட்டும்

விலை குறைந்த சேலையை உயர்த்துவது ரவிக்கைதான். சேலையோடு வரும் பிளவுஸ் துணியை விட்டுவிட்டு, நல்ல பருத்தியிலோ ரா சில்க்கிலோ ஒரே நிறத்தில், லைனிங் கொடுத்து, உங்கள் அளவுக்குத் தைத்த ஒரு ரவிக்கையை நாலைந்து சேலைக்குப் போடலாம். சேலையின் அடி ஓரத்தில் உள்பக்கம் வைக்கும் ஃபால்ஸ் துணியைத் தைக்கக் கொடுக்கும் முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். இல்லையென்றால் முதல் சலவையில் அது சுருங்கி, கொசுவத்தின் அடியில் அலை அலையாக இழுக்கும். ஃபால்ஸைக் கைத்தையலில் போடுங்கள். தலைப்பில் ஒட்டிவரும் பிளாஸ்டிக் மணித் தொங்கல்களை எடுத்துவிட்டு, சேலை நிற நூலிலேயே எளிய குஞ்சம் போட்டால் போதும்.

கெடாமல் வைத்திருக்க

உள்பக்கம் திருப்பி, குளிர்ந்த நீரில், நிழலில். நம் ஊர் உச்சிவெயில் ஒரே கோடையில் கருநீலத்தைச் சாம்பலாக்கிவிடும். டி-ஷர்ட்டை ஹேங்கரில் மாட்டினால் தோளில் கொம்பு முளைக்கும், மடித்து வையுங்கள். லைக்ரா என்ற இழுவை நூல் கலந்த துணியில் குளோரின் பிளீச் படக்கூடாது, மஞ்சளாகி இழுவையும் போகும். வெள்ளைக்குச் சொட்டு நீலம் போடும்போது வாளி நிறையத் தண்ணீரில் கலக்கியபிறகே துணியை விடுங்கள். வெள்ளைச் சட்டைக்கு உள்ளே வெள்ளை பனியன் கோடு போட்டுத் தெரியும். தோல் நிற பனியன் தெரியாது. முடிச்சு திரண்ட இடத்தைப் பேட்டரியில் ஓடும் துணி ஷேவரால், துணியைத் தட்டையாக விரித்து, அழுத்தாமல் ஓட்டுங்கள்.

சட்டையில் முதலில் நைவது காலரின் மடிப்பு. மற்றதெல்லாம் நன்றாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிப்போட வேண்டாம். காலரை அதன் பட்டியிலிருந்து பிரித்து, திருப்பி வைத்து, அதே கோட்டில் தைத்தால் நைந்த பக்கம் அடியில் மறைந்துவிடும். காலரின் அடித்துணியும் அதே துணியாக இருக்க வேண்டும், நுனியில் காஜா இருக்கக்கூடாது. நைவு மேல் துணியைத் தாண்டி உள்ளே கேன்வாஸ் தெரியும் முன்பே கொண்டு போங்கள். வயதான டெய்லர்களிடம் கேளுங்கள். "காலர் திருப்பணும்" என்றாலே அவர்களுக்குப் புரியும்.